பாலத்து வளைவில் உன் கார்

என் பாசத்துக்குரிய பாண்டி அண்ணனுக்கு,

உன் தங்கச்சி மாரி எழுதுகிறேன். உட்கார்ந்து ஒரே மூச்சாக எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். இந்த முதல் வரிக்குள்ளேயே எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தாயிற்று. ஆடு கத்தினால் போகிறேன், திருச்சுழி பஸ் வரும் சத்தம் கேட்டால் போகிறேன், ஒன்றும் கேட்காவிட்டாலும் போகிறேன். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என்னைக் கேலி செய்வாயே, நீ போன பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது.

ஊர்ச் சேதி சொல்கிறேன், கேள். போன வருசம் மாதிரி இந்த வருசம் மழை ஏமாற்றவில்லை. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. தை பிறந்து, உளுந்தெல்லாம் காய் கறுத்து, பறிப்பும் முடிந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் உன் கார் நின்ற இடத்தில் இப்போது வேறு யாருடைய காரோ நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ச் சாரியில் நடக்கிறேன். அதில் உனக்கு ஒன்றும் வருத்தமில்லையே?

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக இரண்டு விசயம் சொல்லிவிடுகிறேன், நீ குறுக்கே பேசாதே. என் அண்ணன் சொந்தக் காரில் வாடகை ஓட்டியவன். நான் கார்ப் பந்தய வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். கேமுக்குள் வருகிற கார் நிஜக் கார் மாதிரி இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. பின்விளக்கின் வளைவு சரியா, சக்கரத்தில் எத்தனை நட்டு, கதவு சாத்தும் சத்தம் ஒத்துப்போகிறதா, பிரேக் மிதித்தால் மூக்கு எவ்வளவு தாழ்கிறது, இப்படி. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற வேலை என்று அண்ணன் சொல்வான்.

நீ முதன்முதலில் என் கம்ப்யூட்டரில் ஒரு காரைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய்.

"என்ன புள்ள இது, கல்யாணப் பொண்ணு கணக்கா மினுக்குது? தூசி எங்க?"

"இது பந்தயக் காருண்ணே."

"இருக்கட்டும். ஹாரன் எங்க?"

"ஹாரன் எதுக்கு? எல்லாரும் ஒரே பக்கந்தான போறாங்க."

"ஹாரன் இல்லாம வண்டிய எப்படி ஓட்டுவாங்கெ? ஆடு வந்தா?"

ஆடு வராது என்றேன். சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டாய். லேசாகக் கீறல் விழும், மறுபடி ஓடும் என்றேன். சில கார் கம்பெனிகள் தங்கள் வண்டி நசுங்குவதைக் காட்ட விடுவதில்லை, அப்படித்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள் என்று விளக்கினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பந்தல்குடி பக்கம் வந்து கல்லு லாரிக்காரன்கிட்ட அந்த ஒப்பந்தத்தக் காட்டச் சொல்லு" என்றாய்.

சிரிப்போடு விட்டாயா? அதற்குப் பிறகு தினமும் ஒரு குறை சொன்னாய். கேம் காரில் எப்போதும் ஆள் ஒருத்தர்தான். பின்னால் நாலு பேரும் ஒரு சிப்பம் வெங்காயமும் ஏறினால் வண்டி எப்படிக் குந்தும், அப்போது ஸ்டியரிங் எப்படி லேசாகும் என்பது அதற்குத் தெரியவில்லை. லாரியை முந்தும்போது ஏசியை அணைத்தால் வண்டிக்கு ஒரு இழுப்பு வருமே, அதுவும் இல்லை. எஞ்சின் சத்தம் தேன் மாதிரி இருக்கிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு எஞ்சினா கேட்கும், டேஷ்போர்டு நடுங்குகிற சத்தமும் பின்சீட்டுக்காரர்கள் சண்டையும்தானே கேட்கும் என்றாய். எனக்குக் கோபம் கோபமாக வரும். அதில் பாதியை எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன் என்பதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் உன் காரையே செய்தேன். ஆபீஸ் வேலையாக இல்லை. விளையாடுகிறவர்கள் தாங்களே கார் செய்து ஏற்றிக்கொள்ள வழிவிடுகிற கேம் ஒன்று இருக்கிறது, அதில். உன் வெள்ளை டீசல் கார், இரண்டாம் தடவை அடித்தால்தான் மூடும் இடது பின்கதவோடு. டேஷ்போர்டில் பிள்ளையார், அவர் நெற்றியில் காய்ந்துபோன சந்தனம். வெள்ளிக்கிழமை சக்கரத்துக்கடியில் நீ வைக்கிற எலுமிச்சம்பழத்தைக் கூட விடவில்லை. வண்டி நகர்ந்ததும் அது நசுங்கும். அதைப் பார்த்துவிட்டு நீ திரைக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனாய். பிறகு, "சத்தம் கேக்கல புள்ள, நசுங்குற சத்தம்" என்றாய். உன்னை என்ன செய்வது?

அம்மாவின் தையல் மெஷின் மேசையில் கேம் ஸ்டியரிங்கை இறுக்கி மாட்டி, காலுக்குக் கீழே பெடலை வைத்துக் கொடுத்தேன். சவாரி இல்லாத பகலெல்லாம் நீ அதில்தான் உட்கார்ந்திருந்தாய். ஜன்னல் வழியாக ஊரே எட்டிப் பார்த்தது. வெளியே ஓட்டுவது போதாதென்று வீட்டுக்குள்ளும் கார் ஓட்டுகிறான் பாண்டி என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது பார்.

இரு, வருகிறேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.

பால் பொங்கவில்லை, சும்மாதான் எழுந்து போனேன். இனிமேல் எழுதவேண்டியதை எழுதப் பிடிக்கவில்லை.

போன தைக்கு முந்தின தை. நான் ஆபீஸ் கூப்பிட்டு சென்னைக்குப் போயிருந்தேன். நீ அருப்புக்கோட்டையில் ஆளை இறக்கிவிட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். நம் ஊருக்குள் திரும்புகிற ரோட்டில், கண்மாய்க்கரை ஒட்டிய வளைவில், கார் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. நான் வந்து சேர்ந்தபோது கார் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. கேமில் யாரும் காட்ட விடாத அந்த நசுங்கலை நான் நேரில் பார்த்தேன். மூக்கு முழுக்க உள்ளே போயிருந்தது. பிள்ளையார் மட்டும் ஒட்டின இடத்தில் அப்படியே இருந்தார். எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். வேகமாக வந்தான். பார்த்தது யார்? யாருமில்லை. ஆனாலும் வேகமாக வந்தான்.

பதினாறாம் நாள் விசேசத்தில், பந்தியில் உட்கார்ந்தபடி நம் தாய்மாமா அதைச் சொல்லியே விட்டார். "பகல் பூரா அந்தப் பொட்டியில ஓட்டி ஓட்டி, ரோட்டையும் கேமுன்னு நெனச்சுட்டான். இவ செஞ்ச வேலதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஸ்டியரிங்கைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அதன் பிறகு சாப்பிடு என்பாள், துணியை எடு என்பாள். அதற்கு மேல் அவளிடம் எனக்குப் பேச்சு இல்லை. அண்ணே, ஒரே வீட்டில் அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். நீ வேகமாகப் போனாயா? என் கேம்தான் உன்னைக் கொன்றதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறக்க முடியவில்லை.

தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போன வைகாசி வெயிலில் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். ரோட்டின் அகலம், சாய்மானம், பாலத்துச் சுவரின் உயரம், சீமைக்கருவேலம் எந்த இடத்தில் மறைக்கிறது, பனைமரம் எங்கே தெரியத் தொடங்குகிறது என்று எல்லாவற்றையும் அளந்தேன், போட்டோ எடுத்தேன். ஆடு மேய்த்தவர்கள் எனக்குக் கிறுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பரணிலிருந்து ஸ்டியரிங்கை இறக்கினேன். அம்மா பார்த்துக்கொண்டே போனாள்.

அந்த வளைவைக் கேமுக்குள் கட்டினேன். உன் காரை இன்னும் சரியாக்கினேன். அன்றைக்கு டேங்கில் இருந்திருக்கக்கூடிய டீசலின் எடை, டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன், மாற்றி அதிக நாள் ஆகாத உன் டயர் எல்லாம் கணக்கில் சேர்த்தேன். நீ வழக்கமாக வருகிற வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். கார் ஒன்றுமே நடக்காதது போல வளைந்து ஊருக்குள் போனது. கொஞ்சம் கூட்டினேன், வளைந்தது. இன்னும் கூட்டினேன், டயர் முனகிக்கொண்டே வளைந்தது. அந்த ரோட்டில் எவனும் நினைத்துக்கூடப் பார்க்காத வேகத்தில் போனபோதுதான் பாலத்தில் மோதியது. மோதினதும் ஒரு பொத்தானை அமுக்கினால் கார் முழுசாக மறுபடி ரோட்டில் வந்து நிற்கும். அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு எத்தனை தடவை அழுதிருப்பேன்.

எங்கோ தப்பு இருக்கிறது என்று மறுபடி மறுபடி திருத்தினேன். சஸ்பென்சனை மாற்றினேன், பிரேக்கை மாற்றினேன். காரைச் சரியாக்க ஆக்க, நீ மோதுவதற்கு இன்னும் அதிக வேகம் வேண்டியிருந்தது. என் வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு நீ குற்றவாளி ஆனாய், நானும்தான். மாமா சொன்னதை நானே கட்டி எழுப்பி நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தூக்கிக் கண்மாயில் போடக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் எனக்கே வெட்கமாகிப்போய்த் திரும்பினேன்.

இப்போது, இந்தக் கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். கவனமாகக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை பகல். மழை விட்டிருந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொளகில் அரிசியோடு அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நீ போனதிலிருந்து அவள் அந்தத் திரையின் பக்கமே திரும்பியதில்லை.

"இது பாண்டி வண்டியில்ல?" என்றாள்.

"ஆமாம்மா."

கிட்டே வந்தாள். பிள்ளையாரைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணாடித் திரைமேல் விரலை வைத்து. "சந்தனங்கூடப் போட்டிருக்க" என்றாள். பேச்சு வந்துவிட்டதே என்று எனக்கு உயிர் வந்தது. அவளுக்காக மெதுவாக ஓட்டிக் காட்டினேன். ரோட்டையும் பனையையும் பாலத்தையும் பார்த்தபடி நின்றாள்.

"அச்சா நம்ம ரோடாவே இருக்கேத்தா. செடிய மட்டும் விட்டுட்ட."

"என்ன செடிம்மா?"

"தை மாசம்ல அது. ரோட்டுல உளுந்து கெடக்குமே. அன்னிக்கி நம்மளதுதான் கெடந்துச்சு. வளைவுலதான் வெயிலு நல்லா விழுதுன்னு அங்கன விரிச்சுப்போட்டு மிச்சத்தப் பறிக்கப் போயிட்டேன். ஆம்புலன்சு வருதுன்னு அத வாரி ஓரத்துல தள்ளுனாக. அப்புறம் அத ஆரு அள்ளுனா, ஆடுதான் தின்னுச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். சொளகு சாய்ந்து அரிசி தரையில் கொட்டியது. அதைக் குனிந்து அள்ளவும் தோன்றாமல் திரையையே பார்த்தாள்.

அண்ணே, எனக்கு ஏன் தோன்றவில்லை? நட்டை எண்ணினேன், சந்தனத்தைப் போட்டேன், எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன். தையில் நம் ரோட்டில் செடி கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பறித்த செடியை ரோட்டில் விரித்தால் போகிற வண்டி மிதித்துப் பயறு உதிர்த்துக் கொடுக்கும். பஸ் மிதிக்கும், லாரி மிதிக்கும். "ஏய்யா, இன்னொருக்கா ஏத்திட்டுப் போ" என்று அம்மா சொல்ல, உன் காரையே முன்னும் பின்னும் ஓட்டிக் கொடுத்தவன் நீ. நமக்கு அது தார் மாதிரி, ரோட்டோடு சேர்ந்தது. அதனால்தான் அன்றைக்கு ரோட்டில் என்ன கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

"செடியப் போட்டு ஓட்டிப் பாரு" என்றாள் அம்மா.

"அதுல செடியெல்லாம் போட முடியாதும்மா."

"எலுமிச்சம்பழம் வரைக்கும் போட்டிருக்க. செடி போட முடியாதா?"

"முடியாதும்மா. கேமுல அதுக்கு வழியில்ல."

திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அப்ப அவன் வெரசாத்தான் வந்தானா?"

"ஆமாம்மா. வெரசாத்தான் வந்திருக்கு. மாமா சொன்னது சரிதான். கேமு ஓட்டி ஓட்டி அண்ணனுக்குக் கை அப்படிப் பழகிருச்சு. செடி என்னம்மா செய்யும், எத்தன வண்டி அதுமேல போகுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சொளகில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் ஆட்டுக்குத் தண்ணி காட்டக் கண்மாய்க்குப் போனதும் நான் செடியைப் போட்டேன். ரொம்ப வேலையெல்லாம் இல்லை. அந்த வளைவில் மட்டும் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானத்தைக் குறைக்க வேண்டும், மேலே காய்ந்த செடி, அடியில் உருளுகிற பயறு. நீ வழக்கமாக வருகிற வேகத்திலேயே வந்தேன், பசியோடு வீட்டுக்கு வருகிற வேகத்தில். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேராகப் போனது. பாலத்துச் சுவர் அப்படியே எதிரே வந்தது.

நீ வேகமாக வரவில்லை அண்ணே. கேம் சொன்னால் அது வேதமா என்று கேட்பாய். வேதமில்லைதான். அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பாகம். நான் நம்புகிறேன். அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோசம், உன்மேல் ஆணை. எழுந்து கத்தினேன். மாமா வீட்டு வாசலில் போய் நின்று, என் அண்ணன் சரியாகத்தான் ஓட்டினான், என் கேம் யாரையும் கொல்லவில்லை என்று தெருவே கேட்கச் சொல்லவேண்டும் என்று செருப்பை மாட்டினேன். வாசல்படி இறங்கினேன். எதிரே அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். இளைத்துப்போய், தலைமுடி ஒதுக்காமல், காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அந்தச் செடியை அழித்துவிட்டேன்.

நான் செய்தது சரியா? உன் பேரைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டேனே, கோபமா? கோபம் என்றால் கனவில் வந்தாவது திட்டு.

இப்போது தை. மாமா போன வாரம் வந்தவர் என் ஸ்டியரிங்கைப் பார்த்ததும் பழைய பாட்டையே பாடினார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "ஏலே, அவள ஒண்ணும் சொல்லாத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அவள் எனக்காகப் பேசி எவ்வளவு நாள் ஆயிற்று!

முந்தாநாள் காலை பறித்த உளுந்தைக் கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கிக்கொண்டு அம்மா ரோட்டைத் தாண்டிப் போனாள். ஊருக்கு அந்தக் கடைசியில் புல் முளைத்துக் கிடந்த பழைய களத்தை அதற்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் செதுக்கிச் சாணி மெழுகி வைத்திருக்கிறாள். நான் பின்னாலேயே ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில், ரோட்டில் தன் செடியை விரித்துக்கொண்டிருந்த பக்கத்துப் புஞ்சைக்கார அக்கா நிமிர்ந்து கேட்டார்.

"என்ன மதினி, ரோடு கையெட்டுற தூரத்துல கெடக்கு, இம்புட்டுத் தூரம் சொமக்குறீக?"

அம்மா நிற்கவில்லை. "ரோடு வண்டி போறதுக்குத்தா" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் கம்பெடுத்து எதிரெதிரே நின்று செடியை அடித்தோம். கை கொப்பளித்துவிட்டது. இந்தக் கடிதத்தில் எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்குத்தான்.

முகம் தெரியாதவர்களாவது உண்மையைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், அதனால் இதில் எல்லார் பேரையும் மாற்றியிருக்கிறேன், உன் பேர் உள்பட. இது மாமா கையில் கிடைத்தாலும் அம்மா காதுக்குப் போகக்கூடாது. பாண்டி என்ற பேர் பிடிக்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் காரில் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்வேன். பின்கதவு இரண்டாம் தடவைதான் மூடும், எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தத்தையும் இந்த மாதம் சேர்த்துவிடுகிறேன், ஹாரனும் உண்டு. அந்த வளைவில் மட்டும் ஒரு செடிகூடப் போடமாட்டேன். அம்மா இருக்கிற வரை நீ வேகமாக வந்தவன்தான், நான் உன்னைக் கெடுத்தவள்தான். அதுவரை நாம் இரண்டு பேரும் அப்படியே இருந்துகொள்வோம் அண்ணே.

களத்தில் அம்மா தனியாக அடிக்கிற சத்தம் கேட்கிறது. போறேன்.

கொப்பளித்த கையோடு,
உன் கூடப்பிறந்த மாரி